அப்பாவின் பன்னிரண்டாவது அத்தியாயத்தை நான் எழுதி முடிக்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனில் பெற்றோருடன் வசிக்கும் 48 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

அப்பாவுக்கு 77 வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்து, மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு நுரையீரல் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது எலும்புக்குப் பரவியிருந்தது. முதலில் கொடுத்த கீமோ ஓரளவு கேட்டது. அடுத்துக் கொடுத்தது கேட்கவில்லை. "இனி ஆண்டுக் கணக்கு இல்லை, மாதக் கணக்குதான்" என்று மருத்துவர் வாசகியிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் இதைச் சொல்லவே கூடாது என்கிறார் அம்மா. கேட்டால் மனம் விட்டுவிடுவாராம். அப்பாவும் எதுவும் கேட்பதில்லை.

பெர்த்தில் இருக்கும் தம்பி விடுவதாக இல்லை. இன்னொரு மருந்தை முயன்று பார்த்தே ஆகவேண்டும், "எல்பிஏ என் பெயரில்தானே இருக்கு, நான் கையெழுத்துப் போடுறேன்" என்கிறார். (எல்பிஏ என்பது, தன்னால் முடியாதபோது தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கும் பத்திரம்.) தினமும் காலையில் முயற்சியைப் பற்றி ஒரு குறள் வாட்ஸ்அப்பில் வருகிறது. மாதம் ஒரு புத்தகம் தபாலில் வருகிறது. மலை ஏறியவர், மாரத்தான் ஓடியவர், புற்றுநோயை 'வென்றவர்' என்று ஏழு சேர்ந்துவிட்டன. அப்பா அவற்றை அடுக்கி, மேலே மாத்திரைப் பெட்டியை வைத்திருக்கிறார்.

ஓய்வு பெற்றதிலிருந்து அப்பா பள்ளிக்கூட நோட்டுகளில் தன் கதையை எழுதி வருகிறார். பதினொரு அத்தியாயம் ஆகிவிட்டது. பன்னிரண்டாவதற்கு "அண்ணன்" என்று தலைப்புப் போட்டு, "1962-ல் அண்ணன் ரஜுலா கப்பலில் ஊருக்குத் திரும்பினார்" என்று ஒரு வரி எழுதியதோடு நிற்கிறது. காலையில் கோப்பி குடித்ததும் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். விரல் மரத்துப்போவதால் பேனா நழுவுகிறது. வாசகி பேனாவில் ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்திருக்கிறார்.

அவர் கேட்பவை: அப்பாவுக்குத் தெம்பு தரும் நல்ல புத்தகம் எது? சிகிச்சை போதும் என்பது கோழைத்தனமா? கதையை முடிக்காமலே அவர் போய்விட்டால் அது பெருங்குறை ஆகிவிடாதா, நானே எழுதி முடித்து அவர் கையில் கொடுத்துவிடலாமா? "நான்தான் ஆண்பிள்ளை, அப்பா புத்தகத்தை நான்தான் வெளியிடுவேன்" என்று தம்பி இப்போதே சொல்கிறார். அந்த நோட்டுகள் சட்டப்படி யாருக்கு?

நோயாளிகளோடும் அவர்களின் குடும்பங்களோடும் பணியாற்றும் உளவள ஆலோசகர் பதில் எழுதுகிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மாத்திரைப் பெட்டியைப் பற்றிப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். உங்கள் அப்பா வாயைத் திறக்காமலே ஏழு புத்தகங்களுக்கும் விமர்சனம் எழுதிவிட்டார். அதை நீங்கள் மனச்சோர்வு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மனம் சோர்ந்தவர் தினமும் காலையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரமாட்டார். பேனா நிற்காத கையோடு எழுத உட்காருவதைவிட வேறு என்ன விடாமுயற்சியை நீங்களும் தம்பியும் அவரிடம் எதிர்பார்க்கிறீர்கள்?

தம்பியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள் பலர் இப்படித்தான் செய்வார்கள். பக்கத்தில் இருந்து தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியாதவருக்குத் தபாலில் அனுப்ப ஏதாவது ஒன்று வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் அனுப்பும் வகைப் புத்தகங்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றை எழுதியவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொண்டவர்கள். அதே உறுதியோடு அதே மருந்தை எடுத்துக்கொண்டு பிழைக்காமல் போனவர் "நான் வென்றேன்" என்று எழுத வரப்போவதில்லை. படுக்கையில் இருப்பவருக்கு அந்தப் புத்தகங்கள் என்ன சொல்லும்? 'குணமாகவில்லையா, நீ போதுமான அளவு போராடவில்லை' என்றுதான் கேட்கும். ஒரு மருந்து சில மாதம் வேலை செய்து நின்றுபோவதற்குக் காரணம், அந்த மருந்துக்கு அடங்காதபடி புற்றணுக்கள் மாறிவிடுவது. மன உறுதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் அப்பா அதில் தோற்கவும் இல்லை, தவறவும் இல்லை.

எந்தப் புத்தகம் கொடுப்பது

ஏழில் ஒன்றை மட்டும் நான் எடுத்து வைப்பேன். விக்டர் ஃபிராங்கலின் 'மேன்ஸ் செர்ச் ஃபார் மீனிங்' அதில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஜெர்மன் மொழியில் 1946-ல் வெளிவந்த புத்தகம் அது. நாஜி முகாம்களிலிருந்து மீண்டு வந்த மனநல மருத்துவர் எழுதியது என்பதால் பலர் அதைப் 'போராடி வென்ற கதை' என்று அன்பளிப்பாகக் கொடுக்கிறார்கள். உள்ளே இருப்பது வேறு. மாற்றக்கூடிய துன்பமானால் மாற்று. மாற்ற முடியாதபோது அதை எப்படி எதிர்கொள்கிறாய் என்பதில் இன்னும் உனக்குச் சுதந்திரம் உண்டு என்கிறார் அவர். தேவையில்லாமல் துன்பத்தைத் தாங்குவது வீரம் ஆகாது என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார். தம்பி அந்தப் புத்தகத்தை அனுப்பினாரே தவிர, படித்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அவரையே முதலில் படிக்கச் சொல்லலாம்.

அப்பாவுக்கு நான் சொல்லும் புத்தகம் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தடிமனைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்ததால் ஒவ்வோர் அத்தியாயமும் சிறியது, ஒரே அமர்வில் வாசித்துக் காட்டலாம். எங்கே பிரித்தாலும் ஆரம்பிக்கலாம். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்ததும், கிடைத்த ஏட்டில் பாதி செல்லரித்திருந்ததும், ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் மாதக்கணக்கில் திண்டாடியதும் அதில் இருக்கிறது. முயற்சியைப் பற்றிய புத்தகம்தான், ஆனால் படிப்பவரைப் பார்த்து 'நீயும் எழுந்து ஓடு' என்று அது சொல்லாது. கண் சோர்ந்திருக்கும், கை மரத்திருக்கும் மனிதரைப் புத்தகத்தோடு தனியே விட்டுவிடாமல் நீங்கள் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். அவர் தூங்கிப்போனால் மூடி வைத்துவிடலாம். பரீட்சையா என்ன?

உங்களுக்கென்று இரண்டு புத்தகம். பால் கலாநிதி அமெரிக்காவில் நரம்பியல் அறுவை மருத்துவராகப் பயிற்சியில் இருந்தவர். அப்பாவுக்கு வந்த அதே நுரையீரல் புற்றுநோய் அவருக்கு முப்பதுகளில் வந்தது. 2015 மார்ச்சில், 37 வயதில் இறந்தார். அவர் எழுதிக்கொண்டிருந்த 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்' அடுத்த ஆண்டு வெளிவந்தது. இன்னொன்று அமெரிக்க அறுவை மருத்துவர் அதுல் கவாண்டேயின் 'பீயிங் மார்டல்'. இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இரண்டையும் அம்மா கண்ணில் படாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். படட்டும், அதை வைத்துக்கூடப் பேச்சு தொடங்கலாம்.

பன்னிரண்டாவது அத்தியாயம்

உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். முடிக்காமல் போனால் பெருங்குறை என்று தீர்மானித்துவிட்டீர்கள். அப்பா அப்படிச் சொன்னாரா? கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோதும் அவர் சொன்னதாக ஒரு வரியும் எனக்குக் கிடைக்கவில்லை.

மேலே சொன்ன 'என் சரித்திரம்' முடியாத புத்தகம், தெரியுமா? 1942 ஏப்ரலில், போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போயிருந்தபோது உ.வே.சா. காலமானார். தொடர் 122 அத்தியாயத்தோடு நின்றுபோனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியோடு கதை நின்றுவிடுகிறது. அவருடைய கடைசி நாற்பது ஆண்டு வாழ்க்கை அதில் இல்லை. அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் மீதியை எழுதினார், ஆனால் தன் பெயரில், தனிப் புத்தகமாக. ஆசிரியரின் குரலில் 123-வது அத்தியாயம் எழுத அவர் முனையவில்லை. பாரதியின் 'சந்திரிகையின் கதை'யும் அப்படித்தான். 1921 செப்டம்பரில் அவர் இறந்தபோது அது பாதியில் நின்றது. நின்ற இடம்வரை அச்சிட்டு இன்றுவரை படித்துக்கொண்டிருக்கிறோம்.

முடித்து வைத்த மகளும் உண்டு. 1954 டிசம்பரில் கல்கி மறைந்தபோது 'அமரதாரா' முற்றுப்பெறவில்லை. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை முடித்தார். ஆகவே மகள் முடிப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வேறுபாடு இருக்கிறது. ஆனந்தி கையில் குறிப்புகள் இருந்தன. உங்கள் கையில் இருப்பது ஒரே ஒரு வரி. அது நாவல், வாசகர்களுக்குக் கதை எப்படி முடிகிறது என்று தெரியவேண்டியிருந்தது. உங்கள் அப்பா எழுதுவது அவருடைய சொந்த அண்ணனைப் பற்றி. ரஜுலா அப்போது சிங்கப்பூருக்கும் சென்னைக்கும் இடையே பினாங்கு, நாகப்பட்டினம் வழியாக ஓடிக்கொண்டிருந்த கப்பல். துறைமுகத்தில் நின்று அண்ணனை வழியனுப்பியபோது அப்பாவுக்குப் பதினான்கு வயது இருந்திருக்கும். அண்ணன் ஏன் போனார், பிறகு எழுதிய கடிதங்களுக்குப் பதில் போனதா, மறுபடி பார்த்துக்கொண்டார்களா என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாததைக் கற்பனை செய்து நிரப்பி அவர் கையில் கொடுத்தால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும், 'உங்களுக்கு நேரம் முடிந்துவிட்டது, நானே மூடிவிட்டேன்' என்று சொன்னதாக ஆகிவிடும்.

அந்த ஒரு வரியோடு அவர் நிற்பதற்கு விரல் மட்டும் காரணமாக இருக்காது என்பது என் ஊகம். பதினொரு அத்தியாயம் எழுதியவருக்கு அந்த இடத்தில் ஏதோ கனமாக இருக்கிறது. சொல்ல வேண்டுமென்று தோன்றலாம், சொல்லாமலே விட்டுவிடத் தோன்றலாம். இரண்டுக்கும் அவருக்கு உரிமை உண்டு.

அதனால் முதலில் கேளுங்கள். "அப்பா, பெரியப்பா அத்தியாயத்தை எழுதணும்னு இருக்கா? எழுதணும்னா நீங்க சொல்லுங்க, நான் எழுதுறேன். வேணாம்னா அப்படியே இருக்கட்டும்." இவ்வளவு போதும். 'சீக்கிரம் முடிச்சிடலாம்ப்பா' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சொல்ல விரும்பினால் எப்படிச் செய்வது? கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ் இதற்கென்றே ஒரு முறையை உருவாக்கினார். 2005-ல் அதன் முடிவுகளை வெளியிட்டார். இறுதிக் கட்டத்தில் இருப்பவரிடம் சில கேள்விகள் கேட்டுப் பேசச் சொல்லி, பதிவு செய்து, எழுத்தாக்கி, அவரிடமே வாசித்துக் காட்டித் திருத்தச் சொல்வார்கள். வாழ்க்கையில் எது நன்றாக நினைவிருக்கிறது, எப்போது மிகவும் உயிர்ப்போடு இருந்ததாக உணர்ந்தீர்கள், பிள்ளைகள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போன்ற கேள்விகள். வீட்டில் அதையே எளிதாகச் செய்யலாம். அவருக்குத் தெம்புள்ள நேரம் காலை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கோப்பிக்குப் பிறகு கைபேசியை நோட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். பதிவு செய்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள், திருட்டுத்தனம் வேண்டாம். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள். அவர் நிறுத்தினால் நீங்களும் கொஞ்ச நேரம் பேசாமல் இருங்கள். முக்கியமானது பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும்.

எழுத்தாக்கும்போது அவர் பேச்சைத் 'திருத்தி' விடாதீர்கள். மேற்பார்வையாளரை மண்டோர் என்றால் மண்டோர், கிராமத்தைக் கம்பம் என்றால் கம்பம். நீங்கள் தமிழாசிரியர் என்று எழுதியிருந்ததால்தான் இந்த எச்சரிக்கை!

அப்புறம், உங்களுக்கும் எழுத வேண்டியது இருக்கும். அதை அப்பாவின் குரலில் எழுதாமல் உங்கள் பெயரில், கடைசியில் சில பக்கங்களாக எழுதலாம். பால் கலாநிதியின் புத்தகத்தில் அப்படித்தான் அவர் மனைவி லூசி பின்னுரை எழுதியிருக்கிறார். கணவர் எங்கே நிறுத்தினார், எப்படி இறந்தார் என்பதை அவர் தன் வார்த்தையில் சொல்கிறார். கணவர் எழுதிய பக்கங்களில் ஒட்டுப் போடவில்லை.

சொல்லலாமா, கூடாதா

அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. நம் குடும்பங்களில் இது புதிதும் இல்லை. ஆனால் அப்பா எதுவும் கேட்காததை 'தெரியாது' என்று எடுத்துக்கொள்ள முடியுமா? ஐம்பது ஆண்டு பட்டறையில் இருந்தவர். மருந்தை நிறுத்தினார்கள், மகளைத் தனியே அழைத்தார்கள், மகன் தினமும் போன் போடுகிறான். அவர் கேட்காமலிருப்பது அம்மாவுக்காகவும் இருக்கலாம். ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு வீட்டில் மூன்று பேரும் தனித்தனியே பயப்படுகிறீர்கள்.

உடைத்துச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை அவரையே தீர்மானிக்க விடுங்கள். "டாக்டர் சொன்னது எல்லாம் உங்களுக்குத் தெரியணுமாப்பா, இல்ல நான் பார்த்துக்கவா?" என்று கேட்டால், "நீ பார்த்துக்க" என்பதும் அவருடைய முடிவுதான்.

கவாண்டேயின் புத்தகத்தில் ஒரு மகள் வருகிறார். வலியையும் வேதனையையும் குறைப்பதில் கவனம் வைக்கும் நோய்த்தணிப்பு மருத்துவத்தில் பெரிய நிபுணர். அவருடைய அப்பாவுக்குக் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் கட்டி, அபாயமான அறுவை சிகிச்சை. ஊருக்கெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கே சொந்த அப்பாவிடம் கேட்க நாக்கு எழவில்லை. எந்த அளவு முடிந்தால் உயிரோடு இருப்பது உங்களுக்குப் போதும் என்று கடைசியில் கேட்டார். சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு டிவியில் ஃபுட்பால் பார்க்க முடிந்தால் போதும் என்றார் அப்பா. பெரிய பேராசிரியர் அவர். மகள் இந்தப் பதிலை எதிர்பார்க்கவே இல்லை. அறுவைக்குப் பின் சிக்கல் வந்து சில நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டிய நிலையில், அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் முடிவெடுத்தார். உங்கள் அப்பாவின் பதில் என்னவாக இருக்கும்? பேனா பிடிப்பதா, சந்தைக்கு நடந்து போவதா, வலியில்லாமல் தூங்குவதா? கேட்காமல் யாருக்கும் தெரியாது.

சிகிச்சையும் எல்பிஏவும்

தம்பி இரண்டு விஷயத்தில் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார். எல்பிஏ எனப்படும் அந்த அதிகாரப் பத்திரம், அப்பா முடிவெடுக்கும் திறனை இழந்த பிறகுதான் செயலுக்கு வரும். இன்று அவர் தெளிவாக இருக்கிறார், ஆகவே சம்மதமும் மறுப்பும் அவருடையவை. தம்பியின் கையெழுத்துக்கு இதில் இடமே இல்லை. இரண்டாவது, திறனை இழந்துவிட்டாலும்கூட, உயிர் நீட்டிக்கும் சிகிச்சையைக் கொடுப்பதா நிறுத்துவதா என்ற முடிவு எல்பிஏ வைத்திருப்பவர் கையில் இல்லை. மனத்திறன் சட்டம் அதை அவர்களுக்குத் தரவில்லை; நோயாளியின் நலனைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். குடும்பத்தாரின் கருத்தையும் நோயாளி முன்பு சொன்னதையும் கேட்டுக்கொள்வார்.

முன்பு சொன்னது என்று ஒன்று இருக்க வேண்டுமே, அதற்குத்தான் ஏசிபி என்ற முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம். மருத்துவமனையிலோ சமூகப் பராமரிப்பு அமைப்புகளிலோ பயிற்சி பெற்றவர் ஒருவர் அப்பாவோடும் உங்களோடும் உட்கார்ந்து பேசி, அவருக்கு எது முக்கியம், எங்கே இருக்க விரும்புகிறார், அவர் சார்பில் யார் பேச வேண்டும் என்று எழுதி வைப்பார். சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நெருக்கடியில் மருத்துவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

'மருந்தை நிறுத்தினால் கைவிட்டதாக ஆகாதா' என்று கேட்டிருந்தீர்கள். பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2010-ல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவு. அப்படியிருந்தும் அவர்களில் பாதிப் பேர் 11.6 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், மற்றவர்களில் பாதிப் பேர் 8.9 மாதத்துக்கு மேல். எல்லாருக்கும் ஆயுள் நீளும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்புக் குழுவை அழைத்தால் ஆயுள் குறையும் என்ற பயத்துக்கு இது பதில். இங்கே எச்சிஏ ஹாஸ்பிஸ், சிங்கப்பூர்ப் புற்றுநோய்ச் சங்கம் போன்றவை வீட்டுக்கே தாதியரையும் மருத்துவரையும் அனுப்புகின்றன. உங்கள் மருத்துவரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.

அப்பாவுக்கே இன்னொரு மருந்தை முயலத் தோன்றினால் அதுவும் சரிதான், தடுக்க வேண்டாம். புற்றுநோய் மருத்துவரிடம் அவரையும் வைத்துக்கொண்டு கேளுங்கள்: இந்த மருந்து எத்தனை பேருக்குக் கேட்கிறது, கேட்டால் எவ்வளவு காலம், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் போகும், விரல் மரப்பு இன்னும் கூடுமா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். நுரையீரல் புற்றுக்குக் கொடுக்கும் கீமோ மருந்துகளில் பல நரம்பைப் பாதிப்பவை. ஒரு மருந்து இரண்டு மாதம் தந்து, பேனா பிடிக்கும் கையை எடுத்துக்கொள்ளுமானால், அந்தப் பேரம் வேண்டுமா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

குறள் அனுப்பும் தம்பிக்கு ஒரு குறளை நீங்களும் அனுப்பலாம். 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள், 950. மருத்துவத்துக்கு நான்கு கூறு என்று எண்ணும் வள்ளுவர் நோயாளியைத்தான் முதலில் வைக்கிறார். மருத்துவர் அடுத்து. மகன் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்பவர் இருக்கிறார்.

நோட்டுகள் யாருக்கு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், நான் வழக்கறிஞர் இல்லை. நோட்டு என்ற பொருள் ஒன்று, அதில் எழுதியிருப்பதன் பதிப்புரிமை இன்னொன்று. பதிப்புரிமை எழுதியவர் இறந்த பிறகும் 70 ஆண்டு நீடிக்கும். உயில் இருந்தால் உயிலில் சொன்னவருக்கு இரண்டும் போகும். முஸ்லிம் அல்லாத குடும்பத்தில் உயில் இல்லாவிட்டால் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக. ஆண்பிள்ளை என்பதற்குத் தனிப் பங்கு கிடையாது, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதற்கும் கிடையாது. உங்களைவிடவும் தம்பியைவிடவும் அம்மாவுக்கே அதிகம்; அவரை இரண்டு பேருமே கணக்கில் எடுக்கவில்லை!

அப்பா ஒரு எளிய உயில் எழுதி, நோட்டுகளும் பதிப்புரிமையும் யாருக்கு, வெளியிடலாமா கூடாதா என்று இரண்டு வரி சேர்த்துவிட்டால் சச்சரவு இருக்காது. இரண்டு சாட்சிகள் வேண்டும், பயன் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. மத்திய சேம நிதிச் சேமிப்பு உயிலில் அடங்காது, அதற்கு நியமனம் செய்திருக்கிறாரா என்று பாருங்கள். எழுதும்முன் வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுவது நல்லது.

வெளியிடலாம் என்றால், பெரிய பதிப்பகம் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சிறிய அளவில் அச்சடித்தாலும் சிங்கப்பூரில் வெளியான புத்தகத்தின் இரண்டு பிரதிகளை நான்கு வாரத்துக்குள் தேசிய நூலக வாரியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆக, பதினொரு அத்தியாயமும் ஒரு வரியுமாக இருந்தாலும், அது தேசிய நூலகத்தின் சேகரிப்பில் சேரும். அப்பாவுக்கு இது தெரிந்தால் பிடிக்குமோ என்னவோ, சொல்லிப் பாருங்கள். செம்பவாங் பட்டறை 1968-ல் பிரிட்டிஷ் கடற்படையிடமிருந்து கைமாறிய காலத்தில் உள்ளே இருந்த தொழிலாளி தமிழில் எழுதியதைப் படிக்க உங்கள் வீட்டுக்கு வெளியிலும் ஆள் இருக்கிறார்கள்.

உங்களைப் பற்றிக் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது, இரவில் மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை என்று. அந்த நேரத்தில் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் உண்டு. தாங்கவே முடியாது என்று தோன்றினால் 1767. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போனால் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள், 'அப்பா காரியம் ஆகட்டும்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு வருவதாகத் தம்பி டிக்கெட் போட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள். மாதக் கணக்கு என்று மருத்துவர் சொல்லியிருக்கும்போது டிசம்பர் ரொம்பத் தூரம். சண்டையை எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இப்போதே ஒரு வாரம் வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். தேதி மாற்ற விமான நிறுவனம் பணம் பிடித்தால் பிடித்துக்கொள்ளட்டும். எட்டாவது புத்தகம் வாங்கும் செலவில் கொஞ்சம் ஈடாகும்.